ஜமைக்காவுக்கு ஒத்திகை

நாலு மணிக்குக் கப்பல் புறப்படவேண்டும். மாமியைக் காணவில்லை.

கப்பல் என்பது டிப்போ பஸ். கரை என்பது மருதமுனை. அன்றைக்கு அப்துல் ஸமட்டின் திட்டத்தில் மருதமுனைதான் ஜமைக்கா.

"இஞ்சாருங்க, உம்மா இன்னும் வரல்ல," என்றாள் றாஹிலா. மூன்றாவது தடவையாக.

"மணி நாலாயித்து."

"அதுக்கு உம்மாவ உட்டுட்டுப் போறயா?"

"கப்பல் காத்திரிக்காது எண்டு உன்ட காக்காதானே எழுதியிரிக்கார்? கந்தப்போடி அண்ணன், மணிய அடிங்க."

கொண்டக்டர் கந்தப்போடி மணிக்கயிற்றில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். "சொந்த மாமியாரையா? யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. இரவைக்கு நீங்க சாப்பிடப் போறது அவட வீட்டில."

"அடிங்க எண்டா அடிங்க."

மணி அடித்தது. பஸ் நகர்ந்தது. றாஹிலா பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஸமட் முன்னால் பார்த்துக்கொண்டே வந்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வான்கடிதம். றாஹிலா காக்கா என்று கூப்பிடும் அண்ணன் சரீப் அமெரிக்கப் பக்கத்துக் கடலில் ஓடும் உல்லாசக் கப்பலொன்றில், குசினியில் வேலை. போய் ஆறு வருடம். ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. இப்போது எழுதியிருந்தான்: வேலை செய்கிறவர்களின் வீட்டாரில் மூன்று பேரை ஒரு கிழமைக்குச் சும்மா ஏற்றிக் காட்டக் கம்பனி சம்மதித்திருக்கிறது. விமான டிக்கட் என் பொறுப்பு. உம்மாவும் நீங்கள் இருவரும் வாருங்கள். உள்ளே இருக்கும் படிவத்தை நிரப்பி இரண்டு மாதத்துக்குள் அனுப்புங்கள். மியாமியில் ஏறினால் ஜமைக்கா, கேமன், கொசுமெல். ஒவ்வொரு துறையிலும் ஏழு மணித்தியாலம் இறங்கிச் சுற்றலாம். ஆனால் நாலு மணிக்கு ஏணியைத் தூக்கிவிடுவார்கள். வராதவர்களுக்காகக் கப்பல் நிற்காது.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். அந்த இரண்டு கோட்டையும்தான் ஸமட் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

அவன் டிப்போவில் டைம்கீப்பர். பன்னிரண்டு வருடமாக மற்றவர்களுடைய பயணங்களை நேரம் பார்த்து அனுப்பிவைத்தவன். தான் போன ஆகத் தூரம் கொழும்பு. அதுவும் மூலத்துக்கு ஒப்பரேசன் செய்ய. இது தவறினால் இன்னொரு பயணம் தன் ஆயுளில் வராது என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டுப் பெண்களையும் அவனுக்குத் தெரியும். கல்முனைச் சந்தைக்கு அரை றாத்தல் வெங்காயம் வாங்கப் போனால் அஸர் தொழுகை நேரம் தாண்டித்தான் திரும்புவார்கள். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் சொந்தம். சொந்தமில்லாதவர்களோடு சொந்தமாகும்வரை கதைப்பார்கள். இவர்களை ஜமைக்காவில் இறக்கிவிட்டால் என்ன நடக்கும்?

ஆகவே ஒத்திகை. அவனுக்கு லீவு வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். மூன்று ஊர்கள். காலை ஒன்பதுக்கு இறக்கம், மாலை நாலுக்கு ஏற்றம். மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுவந்து காட்டினான்.

மாமி சல்மா உம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. "சம்மாந்துறையில கடல் இல்லயே மருமகன். கப்பல் எப்பிடி வரும்?"

"இது ஒத்திகைதானே மாமி."

"ஒத்திகையெண்டாலும் ஒழுங்கா இரிக்கணும். அக்கரைப்பற்றப் போடுங்க."

மாமி இவ்வளவு அக்கறை காட்டியதில் ஸமட்டுக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. சம்மாந்துறையை வெட்டிவிட்டு அக்கரைப்பற்றைப் போட்டான்.

முதல் ஒத்திகையின் முடிவுதான் மேலே சொன்னது. இருட்டி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு சல்மா உம்மா சாய்ந்தமருது வீட்டுக்கு வந்து சேர்ந்தார். உழவு மெசின் இழுத்துவந்த பெட்டியில், வைக்கோலுக்கு நடுவே, ராணி மாதிரி. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

"என்ன ராத்தா, மெசின்ல வாறீங்க?" என்று பக்கத்து வீட்டு ஸம்ஸியா கேட்டாள்.

"மருமகன் என்ன ஜமைக்காவில உட்டுட்டு வந்திட்டார் புள்ள."

அன்றிரவு ஸமட்டுக்குக் கிடைத்தது காலைச் சோறு, ஊற்றிக்கொள்ள ஆறிய ஆணம். இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவான். வீடு றாஹிலாவின் சீதனம். கட்டியது மாமி. கேட்க ஒன்றுமில்லை.

"எங்க மாமி போனீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"லுகர் தொழ ஒரு வீட்டுக்குப் பொயித்தன். தொழுதா சும்மா உடுவாங்களா? சாப்பிடச் சொன்னாங்க. சாப்பிட்டா கதைக்காம வரலாமா?"

"யார்ட வீடு?"

"நல்ல மனிசர்தான். ஆனா கிணத்துத் தண்ணி உப்பு."

தண்ணீர் உப்பென்றால் இவருக்கென்ன என்று ஸமட் நினைத்தான். தொழுகைதான் சிக்கல் என்று குறித்துக்கொண்டான். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தான்.

"மாமி, பிரயாணத்தில லுகரையும் அஸரையும் சேத்துத் தொழலாம்தானே? நாலு மணிக்குக் கப்பலுக்கு வந்து ரெண்டையும் தொழுதாச் சரி. கரையில வீடு தேடத் தேவையில்ல."

சல்மா உம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். "அது தூரப் பயணக்காரருக்கு. இஞ்சயிருந்து நிந்தவூர் மூணு மைல். மூணு மைலுக்குச் சேத்துத் தொழுற மார்க்கம் உங்கட டிப்போவிலதான் இரிக்கி."

"ஒத்திகைக்கு மட்டும் மாமி."

"தொழுகைக்கு ஒத்திகை இல்ல மருமகன்."

அடுத்த வழி, காவல். நிந்தவூரில் றாஹிலா உம்மாவை விட்டு ஒரு அடி விலகக் கூடாது. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மாமியின் கையிலேயே கட்டிவிட்டான்.

நேரம் பார்க்கிறவனிடம் நேரம் இல்லாமல் போனது அப்படித்தான். நிந்தவூர்ச் சந்தியில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மணி கேட்டான். ஒருவர் மூன்றரை என்றார். ஒருவர் நாலாகப் போகிறது என்றார். ஒருவர் வானத்தைப் பார்த்து, மழை வராது என்றார். இரண்டு பேரையும் காணவில்லை. பொறுக்க முடியாமல் தேடப் போனான். ஒரு குறுக்கு ஒழுங்கை, இன்னொரு ஒழுங்கை, ஒரு நாய். திரும்பி ஓடி வந்தபோது கந்தப்போடியின் பஸ்ஸினுடைய பின்பக்கம் வளைவில் மறைந்தது.

பெண்கள் இருவரும் அடுத்த தரிப்பில் நேரத்துக்கு ஏறி, சீட்டும் பிடித்து, வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மூன்று மைலும் நடந்து வந்தவனுக்கு மாமி வாசலிலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

"கப்பல் காத்திரிக்காது மருமகன்."

அடுத்த நாள் டிப்போவில் அதைவிட மோசம். கந்தப்போடி இளகிய மனசுக்காரர். சந்தியில் பதினொரு நிமிடம் பஸ்ஸை நிறுத்திப் பார்த்திருக்கிறார். பஸ் பிந்தினால் டைம்கீப்பர் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதவேண்டும், காரணமும் எழுதவேண்டும். ஸமட் பேனை மூடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"உண்மைய எழுதுங்க," என்றார் கந்தப்போடி. "டைம்கீப்பரைக் காணாததால பிந்தினது."

"எனக்காக ஏன் நிப்பாட்டினீங்க?"

"மனிசத்தன்மை தம்பி. உங்களுக்கு விளங்காது. நீங்க மாமியாரையே உட்டுட்டுப் போற ஆள்."

வீட்டுக்கு வந்ததும் ஸமட் வெடித்தான். "நிந்தவூர்ல எங்கதான் போனீங்க? சாரிக்கரையெல்லாம் சீமெந்து!"

"தொழுத வீட்டில கட்டட வேல நடக்கிது," என்றாள் றாஹிலா.

"இன்னும் கூரை போடல்ல," என்றார் மாமி உள்ளேயிருந்து. "எப்ப முடிக்கப் போறாங்களோ."

"அவங்க முடிச்சா என்ன, முடிக்காட்டி என்ன? கிணறும் கூரையும் பாக்கவா நாம ஜமைக்கா போறம்?"

றாஹிலா அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருந்த சரீப்பின் படத்தைத் தொட்டாள். வெள்ளைத் தொப்பி போட்டு, கப்பல் கைப்பிடியில் சாய்ந்து நிற்கிற படம். "எனக்கு ஜமைக்கா ஒண்டும் வேணாம். காக்காவ ஒருக்காக் கண்ணால கண்டாப் போதும்."

ஸமட்டின் குரல் இறங்கியது. "அதுக்குத்தானே புள்ள நானும் பாடுபர்றன். கப்பல விட்டா காக்காவக் காண ஏலுமா?"

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே மாமி பாக்குவெட்டியைச் சத்தமாகத் தட்டினார். அவள் கோழிக்குத் தவிடு குழைக்கப் போய்விட்டாள்.

அக்கரைப்பற்றுக்கு ஸமட் ஒரு விசிலோடு போனான். மூன்று மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஊதுவது என்று திட்டம். முதல் தடவை ஊதியதும் ஒரு பொலிஸ்காரர் வந்து யாரென்று விசாரித்தார். ஜமைக்கா, ஒத்திகை, மாமியார் என்று விளங்கப்படுத்தினான். அவர் விசிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்று வந்து பஸ்ஸில் ஏறினான். மணி மூன்று இருபது.

உள்ளே றாஹிலாவும் சல்மா உம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியின் மடியில் ஒரு பார்சல். முகத்தில் ஒரு திருப்தி. கந்தப்போடி ஸமட்டைக் கண்டு கண்ணைச் சிமிட்டினார்.

"நாப்பது நிமிசம் முந்தி!" ஸமட்டுக்கு நாக்குழறியது. "மாமி! தொழல்லயா?"

"தொழுதம். சாப்பிட்டம். ரெண்டு வார்த்த கதைச்சம். சரி வந்தா நேரம் செல்லாது மருமகன்."

அவனுக்கு மாமியின் காலில் விழலாம் போலிருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு திட்டம் வென்றிருக்கிறது. அன்றிரவே படிவத்தை நிரப்பினான். ஜமைக்காவில் அருவி, கேமனில் ஆமைப்பண்ணை, கொசுமெல்லில் கண்ணாடி அடித்தட்டுள்ள தோணி. எல்லாக் கட்டத்திலும் சரி போட்டான்.

"ஒரு கிழம பொறுத்து அனுப்பினா என்ன?" என்றாள் றாஹிலா.

"ஏன்?"

"சும்மாதான்."

சும்மா என்பதற்காகக் கப்பலைப் பிந்தவிடுகிறவன் அல்ல ஸமட். காலையிலேயே தபாலில் சேர்த்தான்.

அதற்குப் பிறகு வீடு அவன் எதிர்பார்த்ததைவிட மும்முரமானது. மாமி ஆள் பிடித்துச் சுவருக்கு வெள்ளையடித்தார். இரண்டு மரைக்கால் பச்சரிசி இடித்து மாவாக்கினார்.

"கப்பல்ல இவ்வளவு பலகாரம் ஏத்த உடமாட்டாங்க மாமி."

"வாற சனத்துக்கும் வேணுமே."

வழியனுப்ப வருகிறவர்களை நினைத்து ஸமட்டுக்கு நெஞ்சு நிறைந்தது. டிப்போவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டான். கந்தப்போடி தனக்கொரு ஓலைத்தொப்பி வேண்டுமென்றார். மெக்கானிக் ஒருவர், கேமனில் ஆமை முட்டை மலிவா என்று விசாரித்தார்.

மூன்றாம் கிழமை, ஒரு புதன்கிழமை காலை, டைம்கீப்பரின் சிறிய அறைக்கு ஒரு பெரியவர் வந்தார். தொப்பி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. அக்கரைப்பற்று ஆதம்பாவா என்று தன்னைச் சொன்னார். ஸலாம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"மகள்ட கலியாணம் தம்பி. மாப்பிள வீட்டாரக் கூட்டி வர ஒரு பஸ் ஹயருக்கு வேணும். வாற மாதம் ஏழாம் திகதி."

ஸமட் படிவத்தை எடுத்தான். "ஏழாம் திகதியா? அதுக்குள்ள எங்களக் கப்பலுக்குக் கூப்பிட்டிருவாங்க. அண்டைக்கு நான் இரிக்கமாட்டன். ஆனா ஆள் போட்டுத் தாறன்."

"எங்க பொயித்துவீங்க?"

"ஜமைக்கா."

பெரியவர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"எங்கயிருந்து ஏத்தணும்?"

"சாய்ந்தமருது."

"எந்த வீதி?"

பெரியவர் வீதியைச் சொன்னார். ஸமட் எழுதிக்கொண்டே சிரித்தான். "அது எங்கட வீதிதான்! நேரத்துக்கு ஏத்துறது கஷ்டம். நம்மட ஆக்களுக்கு நேரமெண்டா என்னெண்டு தெரியாது. நான் இப்ப மூணு கிழம பழக்கி எங்கட வீட்டாக்கள மட்டும் ஒரு மாதிரித் திருத்தியிரிக்கன். மாப்பிள யார்ட மகன்?"

ஆதம்பாவா கதிரையை முன்னுக்கு இழுத்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"பகிடியா உடுறீங்க தம்பி? மாப்பிள உங்கட மச்சான் சரீப்; மருதமுனையிலயும் நிந்தவூர்லயும் பொண்ணும் வீடும் பாத்துச் சரிவராம, எங்கட வீட்டத்தான் புடிச்சி உங்கட மாமி தந்தியடிச்சி, அவர் கப்பல் வேலைய ஒரேயடியா உட்டுட்டு வெள்ளிக்கிழம வந்திறங்குறார் — பொண்ணு பாக்க ஊருக்கு ஏழு மணித்தியாலம் ஒதுக்கி, பஸ்ல கூட்டிக் கூட்டிப் போன மருமகன் நீங்கதான் எண்டு செல்லிச்செல்லிப் பெருமப்பட்டாவே!"