சரியான விடைக்கு ஓர் ஆசாம் மிட்டாய்

மலேசியாவில் அந்தக் காலத்தில் தமிழில் இரண்டு வானொலிகள் இருந்தன என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒன்று அரசாங்கத்துடையது. மற்றொன்று, பதினோரு பேர் உட்காரவேண்டிய வெள்ளை வேனில் பதினான்கு பேரை அடைத்துக்கொண்டு, தினமும் காலை ஆறு மணிக்குக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டது. முதலாவதற்கு மின்சாரம் வேண்டும். இரண்டாவதற்குப் பால் போடாத ஒரு கோப்பி ஓ போதும். அதன் அறிவிப்பாளர், செய்தி ஆசிரியர், பாடகர், ஓட்டுநர் எல்லாரும் ஒரே ஆள். அவரைப்போல நாட்டு நடப்பைக் குழப்பியவர் அரசாங்கத்திலும் இல்லை, எதிர்க்கட்சியிலும் இல்லை.

அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. ரேடியோ அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். வயதும் தெரியாது, ஏனென்றால் அவருக்கு மூன்று வயது இருந்தது. ஜாதகத்தில் ஒன்று. பிறப்புப் பத்திரம் ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்துபோனதால், அடையாளக் கார்டில் ஓர் ஆபீஸ் கிராணி குத்துமதிப்பாக எழுதிய வயது இன்னொன்று. மூன்றாவது, முழங்கால் சொல்லும் வயது. "எந்த வயசு வேணும், சொல்லுங்க, எடுத்துக் குடுக்கிறேன்," என்பார்.

வேனில் ஒழுங்கான ரேடியோ ஒன்று முன்பு இருந்தது. அது ஒரு நாள் செத்தது. மறுநாள் காலை வேனில் பேச்சு மூச்சு இல்லை. அண்ணே பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். ஷா ஆலம் வருவதற்குள் தொண்டையைக் கனைத்தார்.

"நேயர்களே, காலை வணக்கம். நேரம் இப்ப ஆறு பத்து. என் வாட்ச் நேத்தே ஆறு பத்துக்கு நின்னு போச்சு, அதனால அப்படியே வெச்சிக்குவோம்."

அன்றிலிருந்து ஒலிபரப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவிப்பு, செய்தி, பாட்டு என்று எல்லாம் முறையாக உண்டு. பாட்டில் முதல் வரி மட்டும்தான் அவருக்குத் தெரியும். மரண அறிவிப்பில் மனிதர்கள் வரமாட்டார்கள். "நம் வேனில் வரும் சீஃப் கிளார்க்கின் தலையில் கடைசியாக இருந்த முடி நேற்று மாலை காலமானது" என்பதுபோல வரும். செய்திகளை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது யாருக்கும் புரியாத விஷயம். கையில் பத்திரிகையை வைத்திருப்பார், ஆனால் அது எப்போதும் மடித்தே இருக்கும்.

அரசாங்க ஊழியர்கள் நெஞ்சில் பெயர் அட்டை குத்திக்கொள்ளவேண்டும் என்று உத்தரவு வந்த வாரம் அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "நாப்பது வயசுக்கு மேல இது ரொம்ப உதவிலா. காலையில கண்ணாடி முன்னால நின்னா, நாம யாருன்னு படிச்சித் தெரிஞ்சிக்கலாம்."

நான் அப்போது ஓர் இலாகாவில் டைப்பிஸ்ட். இருபத்திரண்டு வயது. மூப்பைப் பற்றிய நகைச்சுவை எல்லாம் பிறத்தியாருக்கென்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் நர்ஸ் அக்கா உட்காருவார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் வேலை. ரயில்வே குடும்பம், மெத்தடிஸ்ட். அண்ணே லோரியை முந்தும்போதெல்லாம் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார். எங்களுக்கு முன் வரிசையில் சீஃப் கிளார்க். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்து நான்கு வயது, அடுத்த வருடம் ஓய்வு. பஞ்ச் கார்டு வந்த நாளிலிருந்து அவர் கார்டில் தாமதத்துக்கான சிவப்பு மை விழுந்ததில்லை. ரேடியோ அண்ணே சொல்லும் ஒவ்வொரு செய்தியையும் மறுப்பதை அவர் ஓர் உத்தியோகமாகவே செய்துவந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களை எல்லாம் அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தது. இளையவர்களுக்கு இது தெரிந்திருக்காது. உண்மையாகவே ஒரே ராத்திரியில் அரை மணி நேரம் காணாமல் போனது. மறுநாள் ஒலிபரப்பு இப்படித் தொடங்கியது:

"நேயர்களே, நமக்கெல்லாம் தூங்கும்போதே அரை மணி வயசு கூடிருச்சு. இதுக்கு எந்த ஆபீஸ்ல போய் க்ளெய்ம் பண்ணுறதுன்னு தெரியல. அந்த அரை மணியில சாகவேண்டியவங்க எல்லாம் இப்ப எங்க போறதுன்னு தெரியாம நிக்கிறாங்க."

"அண்ணே, ராகு காலத்துக்கும் அரை மணி கூட்டணுமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கவலையோடு கேட்டார்.

"ராகுவுக்கு இன்னும் சர்க்குலர் போகலையாம். போற வரைக்கும் பழைய நேரம்."

"விசர்க்கதை கதையாதையும் காணும்," என்று அந்தப் பைத்தியக்காரப் பேச்சை வெட்டினார் சீஃப் கிளார்க்.

யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் ஒரு மாதம் போனது. என் வீட்டில் அம்மா பழைய நேரத்தில் சமைத்தார், அப்பா புது நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தார். வேனோ ஆறு மணி என்ற பெயரில் கும்மிருட்டில் கிளம்பியது. ஷா ஆலம் தாண்டியும் விடியாது.

அந்த இருட்டில்தான் புது நிகழ்ச்சி வந்தது. நேயர் போட்டி.

"போட்டி நேரம். முன்னால போறது லோரியா, பஸ்ஸா? முதல்ல சொல்றவங்களுக்கு ஒரு ஆசாம் மிட்டாய்." "பாலத்துக்கு மேல போர்டுல என்ன எழுதியிருக்கு?" "அதோ விளக்கு, என்ன கலர்?" புளிப்பும் உப்புமான அந்த மிட்டாய்க்காகப் படித்த மனிதர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்கவேண்டுமே. தூக்கம் போய்விட்டது. "பஸ் ஸ்டாப்புல நிக்கிறது நம்ம ஆளா?" என்ற கேள்விக்கு ஒரு நாள் சீஃப் கிளார்க், "ஓம், எங்கட ஆள்தான்," என்று முந்திக்கொண்டார். ஏறியவர் நாங்கள் பார்த்தே இராத ஒரு மலாய்க்காரப் பெரியவர். மரியாதைக்குப் பேசாமல் பெட்டாலிங் ஜெயாவரை வந்து, மிட்டாயும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி இறங்கினார்.

போட்டியில் அதிகமாக ஜெயித்தவர் சீஃப் கிளார்க்தான். அவர் விடை சரியாக இருந்ததென்று சொல்ல முடியாது. குரல் பெரியது, அவ்வளவுதான். நாங்கள் மறுத்தால், "எனக்குக் கண் வடிவாத் தெரியுது பிள்ளை," என்பார்.

பிறகு, கிழக்கே பாருங்கள், ஜப்பான்காரனைப் போல உழையுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. அன்று, கேஎல் என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸை நெருங்கும்போது வெயில் நேரே முகத்தில் அடித்தது. ரேடியோ அண்ணே கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: "கிள்ளான்லேர்ந்து கேஎல் கிழக்குப் பக்கம். நான் இருபது வருஷமா கிழக்கதான் பார்க்கிறேன். ஒண்ணும் தெரியலலா."

வேன் குலுங்கச் சிரித்தோம். நர்ஸ் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஓட்டுநருக்கு மேலிருந்த கண்ணாடியில் தெரிந்த அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு மழை நாள். ஃபெடரல் ஹைவேயில் எங்கோ ரோடு வேலை நடந்து, தினமும் ஒரு தடுப்பு மாறிக்கொண்டிருந்த சமயம். சன்னலெல்லாம் ஆவி படிந்து, பாதிப் பேர் உறக்கம்.

"போட்டி நேரம். மேல போர்டு வருது. கேஎல்லுக்கு நேராவா, லெஃப்டா?"

"லெஃப்ட்," என்றார் சீஃப் கிளார்க், போர்டு வருவதற்கு முன்பே.

"கரெக்ட்," என்று மிட்டாயைப் பின்னால் நீட்டியபடி அண்ணே இடதுபக்கம் திரும்பினார்.

கொஞ்ச நேரம் கழித்து வேன் ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் நின்றது. "நேயர்களே, பிரிக்ஃபீல்ட்ஸ். பார்த்து இறங்குங்க." நாங்கள் தூக்கக் கலக்கத்தில் வரிசையாக இறங்கினோம். தொப்பி போட்ட ஒருவர் தள்ளுவண்டியோடு ஓடிவந்து, நர்ஸ் அக்காவின் சாப்பாட்டுக் கேரியரை வாங்கி, பயபக்தியோடு அதில் வைத்து, எந்த ஊர் விமானம் என்று மலாயில் கேட்டார். அப்போதுதான் தலைக்கு மேலே இரைச்சலோடு விமானம் ஒன்று போனது. சுபாங் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"போர்டை மாத்திப் போட்டுட்டாங்கள்," என்றார் சீஃப் கிளார்க், விமான நிலையப் பெயரின் ஆளுயர எழுத்துகளுக்குக் கீழே நின்றுகொண்டு.

நர்ஸ் அக்கா கேரியரை எனக்குக் கொடுத்துவிட்டு, நேரே ஓட்டுநர் சன்னலுக்குப் போனார். கையை உயர்த்தினார்.

"அண்ணே, இது எத்தனை விரல்?"

 ரேடியோ அண்ணே பழக்கதோஷத்தில் எங்கள் பக்கம் திரும்பினார். "நேயர்களே, போட்டி நேரம். அக்கா காட்டுறது எத்தனை விரல்?"

"ரெண்டு," என்றார் சீஃப் கிளார்க்.

அக்கா காட்டியது நான்கு.

யாரும் சிரிக்கவில்லை. இத்தனை மாதம் நாங்கள் மிட்டாய்க்காகப் போட்டுக்கொண்ட கூச்சலைக் கொண்டுதான் வேன் ஓடியிருக்கிறது என்பது ஒவ்வொருவருக்கும் மெதுவாகப் புரிந்தது. எங்கள் கண்தான் அவருக்குக் கண். அதிலும், அதிகமாக நம்பப்பட்ட கண் சீஃப் கிளார்க்குடையது.  கோபப்படுவதா, அழுவதா, பஞ்ச் கார்டை நினைத்துக் கவலைப்படுவதா என்று ஒன்றும் விளங்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது.

"பதினாலு உயிர் அண்ணே. எங்க வீட்டுக்கெல்லாம் யார் பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வருஷமா பனி மூட்டம் மாதிரி இருக்கும்மா. வெளிச்சம் இருந்தா சமாளிச்சிருவேன். இந்த அரை மணியைத் தள்ளி வெச்சாங்க பாரு, அதுல மாட்டிக்கிட்டேன். டாக்டர்கிட்ட போனா லைசென்ஸ் போயிரும். லைசென்ஸ் போனா வேன் போயிரும். வேன் போனா நான் யார்கிட்டலா பேசுறது? என் சம்சாரம் போனப்புறம் வீட்டுல நானும் ஒரு ஃபேனும்தான். நான் என்ன சொன்னாலும் அந்த ஃபேன் இல்ல இல்லன்னுதான் தலையாட்டுது."

அதைக்கூட வேடிக்கையாகத்தான் சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

நர்ஸ் அக்கா சாவிக்குக் கையை நீட்டினார். அவரிடம் லைசென்ஸ் இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். மாட்டுவண்டி வேகத்தில் கோலாலம்பூர் வந்து சேர்ந்தோம். சீஃப் கிளார்க்கின் கார்டில் முதன்முறையாகச் சிவப்பு விழுந்தது. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் அவர் 'விமான நிலையம் சென்றது' என்று எழுதினார். யாரை வழியனுப்பினீர்கள் என்று மேலதிகாரி கேட்டாராம். இவர் பைக்குள் கையை விட்டு, இரண்டு வருடமாக ஒளித்துவைத்திருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாராம்.

ரேடியோ அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் வேன் ஓட்டத் தடை போட்டுவிட்டார். அவருடைய பக்கத்து வீட்டுச் சீனர் ஆ செங், ஐஸ் லோரி ஓட்டியவர், வேனை எடுத்துக்கொண்டார். வந்த முதல் வேலையாகப் புது ரேடியோ ஒன்றைப் பொருத்தினார். நேரம் சரியாகச் சொன்னார்கள். செய்திகள் தெளிவாக இருந்தன. பாட்டு முதல் வரியைத் தாண்டியும் போனது. எல்லாம் ஒழுங்காக இருந்ததில் வேனுக்குள் ஒருவருக்கொருவர் முகம் பார்க்கவே இல்லை.

நான்காம் நாள் சீஃப் கிளார்க் ஆ செங்கின் தோளைத் தட்டி ரேடியோவை அணைக்கச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் நர்ஸ் அக்காவும் நானும் அண்ணே வீட்டுக்குப் போனோம். அந்த ஃபேனைப் பார்த்தேன். அவர் சொன்ன மாதிரியே மறுத்துக்கொண்டிருந்தது.

"என்ன காணும் இங்க இருக்கிறீர்?" என்றார் சீஃப் கிளார்க். "முன் சீட் காலியாக் கிடக்கு. நாலு நாளா நான் மறுத்துப் பேச ஒரு ஆளில்லை. நாளைக்கு ஆறு மணிக்கு வாரும்."

"ஓட்டாதவனுக்கு வேன்ல என்னலா வேலை?"

"ரேடியோவுக்கு லைசென்ஸ் வேணாம் அண்ணே," என்றார் நர்ஸ் அக்கா.

திங்கட்கிழமை அவர் ஆ செங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுவைச் சிகிச்சைக்கு நர்ஸ் அக்கா ஏற்பாடு செய்து, ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்த வாரத்தில்கூட ஒலிபரப்பு நடந்தது. ஆ செங்குக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் சிரித்து முடித்த பிறகு அவர் தனியாகச் சிரிப்பார். எதற்கென்று கடைசிவரை எங்களுக்கு விளங்கவில்லை.

பிறகு ஒரு காலை, சோடாப் பாட்டில் அடிபோன்ற கண்ணாடியோடு அண்ணே வந்தார். ஏறியதும் பின்னால் திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஷா ஆலம்வரை பேச்சில்லை. எங்களுக்குப் பயமாகிவிட்டது. பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"நேயர்களே, ஒரு துயரச் செய்தி. நான் இளவட்டங்களை ஏத்திக்கிட்டுப் போறதா நெனச்சிக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் தெரியுது, உங்க எல்லாருக்கும் வயசாயிருச்சு. இந்தக் கண்ணைத் திருப்பிக் குடுக்க முடியுமான்னு ஆஸ்பத்திரில கேட்டிருக்கேன்."

அன்று மாலை நான் கண்ணாடியில் என்னை நெடுநேரம் பார்த்தேன். நெற்றியோரம் ஒரு நரை இருக்கத்தான் செய்தது.

நான் கல்யாணமாகி சாலாக் செலாத்தானுக்குப் போனபிறகும் பல வருடம் அந்த ஒலிபரப்பு நடந்ததாகக் கேள்வி. அண்ணனின் பெயரை அறிந்த ஒரே ஆள் நர்ஸ் அக்கா. மகளோடு ஈப்போவுக்குப் போய்விட்ட அவர், போன வருடம் தொலைபேசியில் சொன்னார்: ஒரு காலை, அரசாங்க வானொலியின் மரண அறிவிப்பில் அண்ணனின் பெயரை வாசித்தார்களாம். அந்த வேளையில் நானும் ரேடியோவைப் போட்டுவிட்டு அடுக்களையில் நின்றிருப்பேன். பெயர் என் காதிலும் விழுந்திருக்கும். யாரோ என்று நினைத்துத் தோசையைத் திருப்பிப் போட்டிருப்பேன்.

போன மாதம் எனக்கும் கண்ணாடி வந்துவிட்டது. காரை நானேதான் ஓட்டுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கும். பச்சை விழுந்ததும், "பச்சை அண்ணே, போகலாம்," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் காரை எடுக்கிறேன்.