கடைவீதிக்கு வந்த மனச்சோர்வு

அடுத்தவர் மனதைப் படிக்கக் கிளம்புகிறவர்களுக்குச் சொந்த வீட்டுச் சங்கதி தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் கட்டாயப்படுத்துவதில்லை. அந்த ஓட்டையில் நுழைந்துதான் நான் மருத்துவ உளவியலில் எம்.ஃபில். படித்தேன்.

ஆய்வேட்டின் தலைப்பு, 'சிறுவணிகர்களிடையே மனச்சோர்வு'. ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அருப்புக்கோட்டைக் கடைவீதியில் அப்பாவுக்கு மளிகைக்கடை. ஒரு காலையில், கடை திறந்த கையோடு எல்லோரிடமும் கேள்வித்தாளை நீட்டினேன். 'அடிக்கடி அழுகை வருகிறதா?', 'எதிலும் ஆர்வம் குறைந்துவிட்டதா?' என்று கேள்விகள். பக்கத்தில் ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். (பதில் எழுதுகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது விதி. டீயும் வடையுமாக ஒதுங்கி நின்று அதைச் செவ்வனே கடைப்பிடித்தேன்.)

கூட்டிப் பார்த்தால் தலை சுற்றியது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'ஆம்'. பாத்திரக்கடைக்காரர் முதல் திருச்சுழி ரோட்டு உரக்கடைக்காரர் வரை அத்தனை பேருக்கும் தீவிர மனச்சோர்வு. அப்பாவுக்கும்தான். பெற்ற மகளுக்கு அப்போதாவது பதறியிருக்க வேண்டாமா? எனக்கு வந்தது சந்தோஷம். ஊரே உடைந்து கிடக்கிறது, கண்டுபிடித்தவள் நான்!

பதறியது கைடு மேடம்தான். மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரமே இருந்தது. தவறினால் ஒரு வருடம் போச்சு. அவரை அழைத்துக்கொண்டு கடைவீதியில் நுழைந்தால், தீவிர மனச்சோர்வாளர்கள் காராச்சேவு கொறித்தபடி உரக்கடைக்காரரின் புது மாப்பிள்ளையைக் கிண்டலடித்துக் கொண்டிருந்தார்கள்.

மேடம் பாத்திரக்கடைச் சித்தப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். "ஐயா, அடிக்கடி அழுகை வருதுன்னு போட்டிருக்கீங்களே?"

"எனக்கா? நான் நல்லாத்தான இருக்கேன்!"

"அப்புறம் ஏன் 'ஆம்'னு போட்டீங்க?"

சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏத்தா, கடை தொறந்து இன்னும் போணியே ஆகல. அந்நேரம் வந்து 'இல்ல'ங்கிறதுல டிக் போடச் சொன்னா எவன் போடுவான்? உப்பு தீந்து போனாக்கூட 'நாளைக்கு வரும்'னுதான சொல்லுவோம்? உங்க அப்பா சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்திருந்தார். ஏழு வயதில் கல்லாவருகே உட்கார்ந்து ஒருவரிடம் "சீனி இல்ல" என்று சொன்னதற்கு அப்பாவிடம் வாங்கிய குட்டு இன்னும் மண்டையில் இருக்கிறது. குட்டு இருந்தது, புத்திதான் எம்.ஃபில். படிக்கப் போயிருந்தது.

"இது உங்க சொந்த ஊர்தானே?" என்றார் மேடம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற கரிசல் மண், எனக்கு வேண்டிய அன்றைக்கு வெடித்துத் தொலைக்கவில்லை.

மூன்று வாரமும் வீடு வீடாக ஏறி இறங்கி, முதலிலிருந்து கேட்டு, கடைசி நாளன்று கொடுத்தேன். வீட்டுக்குள் ஊரே சௌக்கியமாக இருந்தது. அப்பா மட்டும் 'தூக்கம் கெடுகிறதா?' என்பதற்கு ஆம் போட்டிருந்தார். காரணம் கேட்டேன். "நீ பாஸாகணுமேன்னுதான்" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

பாஸாகிவிட்டேன். இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை. பகலில் போன் போட்டு "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கேட்டால், இன்றுவரை ஒரே பதில்தான்.

"கடையில இருக்கேன்த்தா, ஆமான்னுதான் சொல்லுவேன். நெசம் வேணும்னா வீட்டுக்குப் போனப்புறம் கூப்பிடு."