சேட்டிலைட் சார் அளந்த ஊற்று

ஆம்பூரில் எது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கடவுளுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவர் எங்கள் சேட்டிலைட் சார்தான். ஒரே வித்தியாசம், சார் தினமும் கணக்கை மாற்றுவார்.

மலைக் கிராமங்களுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுத்தரும் சின்னத் தொண்டு நிறுவனம் எங்களுடையது. நான் கணக்கு எழுதுகிறவன். தொண்ணூறுகளின் கடைசியில் சர்வேயராக வந்த சார், கழுத்தில் தாலி மாதிரி ஒரு ஜிபிஎஸ் கருவியைத் தொங்கவிட்டிருப்பார். பிரியாணிக் கடை, தோல் கம்பெனி வாசல், மாமியார் வீடு என்று எதையும் விடாமல் உயரம் பார்ப்பார்.

"நேத்து நம்ம ஆபீஸ் முப்பது மீட்டர் கம்மியா இருந்துச்சுப்பா."

"ராத்திரியில வளந்துடுச்சா சார்?" என்பார் டிரைவர்.

"கிண்டல் பண்ணாத. வானத்துலேர்ந்து வர்ற சிக்னல் அப்டி ஆடுது."

ஜவ்வாது மலையில் ஓர் ஊரில் மட்டும் இந்த ஆட்டம் சிரிப்பாக இல்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் வற்றாத ஊற்று. பெண்கள் குடத்தோடு ஏறி இறங்கினார்கள். ஊற்று ஊரைவிட உயரத்தில் இருந்தால், மேட்டைச் சுற்றிக் குழாய் போட்டாலே தண்ணீர் தானாக வந்துவிடும். தாழ்வில் இருந்தால் மோட்டார் வேண்டும்; ஊரில் கரண்ட்டே கிடையாது. சார் காலையில் அளந்தபோது ஊற்று தாழ்வு, மாலையில் உயரம். எங்கள் நிறுவன டைரக்டர் கடுப்பாகி, "இந்த ஊர விட்டுடலாம்" என்றுவிட்டார்.

சார் அன்று சாப்பிடவில்லை. மறுவாரம் பெங்களூர் நண்பரிடம் இன்னொரு கருவியை இரவல் வாங்கி வந்து, ஊர் நடுவில் என்னை அதோடு உட்காரவைத்துவிட்டு, தன் கருவியோடு ஊற்றுக்குக் கிளம்பினார்.

"ரெண்டு மிஷினும் ஒரே நேரத்துல பாத்தா, ஒரே மாதிரிதான் தப்பு பண்ணும். கழிச்சுட்டா வித்தியாசம் சரியா வந்துடும்."

"குடை சார்?"

"குடை சேட்டிலைட்ட மறைக்கும். உன் தலையையும் கொஞ்சம் ஓரமா வெச்சுக்க."

நாள் முழுக்க வெயிலில் வெந்துகொண்டே எண்களைக் குறித்தேன். மோர் கொண்டுவந்த ஒரு அக்கா, "இந்தப் பொட்டி தண்ணி குடுக்குமா சார்?" என்று கேட்டார். எனக்கே நம்பிக்கை இல்லை.

சாயங்காலம் சார் ஊற்றிலிருந்து ஓடிவந்தார். இருவரும் குறித்ததை நேரம் பார்த்துக் கழித்தோம். எண்கள் கண்டபடி ஆடியிருந்தன. வித்தியாசம் மட்டும் கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஊற்று ஊரைவிட இருபது மீட்டர் உயரத்தில் இருந்தது!

கணக்கைப் பார்த்து டைரக்டரும் இறங்கிவந்தார்; சில மாதங்களில் குழாயில் தண்ணீர் வந்தது. ஊரே குடித்துக்கொண்டிருக்க, சார் கருவியை முறைத்துக்கொண்டிருந்தார்.

"பேஜாரா இருக்குப்பா. இப்ப ஊரு பத்து மீட்டர் ஜாஸ்தி காட்டுது."

"அத உடுங்க சார், மொதல்ல குடிங்க" என்று அதே அக்கா சொம்பை நீட்டினார். சார் குடித்தார். பிறகு, நான் பார்த்து முதன்முறையாக, அந்தக் கருவியை ஸ்விட்ச் ஆஃப் செய்தார். மீசையெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்கக் கிடைத்தால், நாள் முழுக்கக் குடையில்லாமல் உட்கார நான் இன்றும் தயார்.