முதல் வரிசையில் ஓர் இடம்

கடற்கரைக் கேரவன் முகாம் அலுவலகத்தின் முன்னால் அப்போது இருந்தவர்கள்: சல்லடை, சல்லடையின் மனைவி, இருவரும் இந்த வெளிநாட்டில் இருபது நாள் வாடகைக்கு எடுத்திருந்த வெள்ளைக் கேரவன்; அலுவலக ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பொறுப்பாளர் அம்மாள்; சற்றுத் தள்ளி, தோளில் கம்பளியும் தலையில் தொப்பியுமாக, வேறு வேலை எதுவும் இல்லாதவர் போல நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

"நாற்பத்தேழாம் நம்பர்," என்றார் அம்மாள்.

"அங்கேருந்து கடல் தெரியுமா?" என்று கேட்டார் சல்லடை.

"சத்தம் கேட்கும்."

மனைவி சல்லடையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒன்பது நாள் வயது.

"ஏங்க, முதல் ஊர்ல குப்பைத் தொட்டி. ரெண்டாவது ஊர்ல ஜெனரேட்டர். மூணாவது ஊர்ல எதிர் வண்டிக்காரரோட ஜட்டி. கடலோரச் சுற்றுலான்னு கூட்டிட்டு வந்து, ஊர் ஊரா முதுகுச் சுவரைக் காட்டறீங்க."

"இங்கெல்லாம் முன்கூட்டியே பதிவு பண்ணணும்மா. நமக்குத் தெரியல."

"உங்களுக்குத் தெரியல. நான் பத்துத் தடவை சொன்னேன்."

சல்லடை என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் இழப்பீட்டு மனுக்களைத் துருவியவர். எரிந்த கடை தானாக எரிந்ததா, திருடு போன வளையல் முதலில் இருந்ததா என்று பார்ப்பது வேலை. போன வருஷம் ஓய்வு பெற்றார். கண் ஓய்வு பெறவில்லை. வண்டி வாடகைக்கு எடுத்த அன்றே கரண்டிகளை எண்ணி, கொடுத்த ஆளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்.

மனைவியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனார். அவருக்கு அரை ஆங்கிலம் வரும். அம்மாளுக்கும் அரை வரும். சேர்த்தால் ஒன்று.

"ஆறாம் நம்பர் காலியாத்தானே இருக்கு? கடலோர முதல் வரிசையில?"

"அது ஒதுக்கி வச்சிருக்கோம்."

"யாருக்கு?"

"தேவைப்படறவங்களுக்கு."

முப்பத்திரண்டு வருஷம் பிறர் சொன்ன பொய்களைக் கேட்டவர். தான் சொல்லிப் பார்த்ததில்லை. வாயைத் திறந்ததும் நன்றாக எண்ணெய் போட்ட கதவு மாதிரி வந்தது.

"என் மனைவிக்கு உடம்பு சரியில்ல. மூணு மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். படுத்துக்கிட்டே ஜன்னல் வழியா கடலைப் பார்க்கணும்னு ஒரே ஆசை. அவளுக்கு விஷயம் தெரியாது. தயவுசெஞ்சு காட்டிக்காதீங்க."

அம்மாள் கண்ணாடியை மாட்டி அவரைப் பார்த்தார். பிறகு கழற்றினார்.

"யோசிக்கறேன்."

வெளியே வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"யோசிக்கறாங்களாம்."

"நீங்க பேசினா யாரும் யோசிக்கத்தான் செய்வாங்க. நில்லுங்க, நான் பால் வாங்கிட்டு வரேன்."

பால் அதே அலுவலகத்தில் ஒரு மூலையில் விற்றார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. மனைவி வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கை வெறுமையாக இருந்தது.

"பால் எங்க?"

"எந்தப் பால்?"

அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் பொறுப்பாளர் அம்மாள் வெளியே வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆறாம் நம்பர்," என்றார்.

தன் பொய் பலித்துவிட்டது என்று சல்லடைக்கு ஒரே பெருமிதம். ஆனால் அந்த 'எந்தப் பால்' பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

மனைவி பின்னால் நின்று, "வாங்க, வாங்க, வாங்க… போதும்னா போதும்!" என்று கத்த, வண்டி ஆறாம் நம்பரில் நின்றது. ஜன்னல் முழுக்கக் கடல். மனைவி ஒரு நிமிஷம் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இது இரண்டாவது முறை.

முதல் வரிசையே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். முழங்கால் மேல் போர்வை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவ்வப்போது யாராவது இருமினார்கள். ஐந்தாம் நம்பர் தொப்பிக்காரருடையது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யாருக்கு?" என்றார்.

சல்லடைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலுவலக வாசலில் நின்றவர், எல்லாம் காதில் விழுந்திருக்கும். "மனைவிக்கு," என்றார் மெல்ல.

"எத்தனை மாசம்?"

"மூணு."

"மூணா!" தொப்பிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "ரொம்ப அவசரப்பட்டுட்டாங்களே."

இந்த ஆள் ஏன் இவ்வளவு கேட்கிறார்? விசாரிக்கிறவனை விசாரித்தால் அவனுக்குப் பிடிக்காது. சல்லடை உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டு, இடுக்கு வழியாகத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கண் விழித்தால் மனைவி வண்டிக் கூரைமேல் நின்று துணிக்கொடி கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் சாகப்போகிறவள், கீழே வரிசை முழுக்க அண்ணாந்து பார்க்க, ஒற்றைக் காலில்.

"இறங்கு! முதல்ல இறங்கு!"

"மூணு ஊர்லயும் நான்தானே ஏறினேன்? அப்போ வாயே திறக்கலயே?"

"நான் கட்டறேன், நீ இறங்கு."

அவர் ஏணியில் கால் வைத்ததும் மேலேயிருந்து அவள் அலறினாள்: "ஐயோ, நீங்க ஏறாதீங்க! நெஞ்சு என்னத்துக்காகும்!"

சல்லடை ஏணியிலேயே நின்றுவிட்டார். முப்பத்தோரு வருஷத்தில் 'ஏறுங்க', 'தூக்குங்க', 'நகருங்க' கேட்டிருக்கிறார். 'ஏறாதீங்க' கேட்டதில்லை.

அலுவலகத்தில் அவர் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு: திடீரென்று அன்பு காட்டினால் கோப்பை மூடாதே.

அன்றே இன்னொன்று நடந்தது. தண்ணீர்க் குடத்தை மனைவி தூக்கினாள். அவர் பிடுங்கினார். "உங்களால முடியாது" என்று அவள் திரும்பப் பிடுங்கினாள். குடம் சாய்ந்து, வரிசைக்கு மின்சாரம் தரும் பெட்டிக்குள் பாதித் தண்ணீர் போயிற்று. ஒன்று முதல் ஏழு வரை எல்லா வண்டியிலும் மின்விசிறி நின்றது. ஒருவர்கூடத் திட்டவில்லை. அதுவும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. நல்ல உடம்போடு இருக்கிற மனுஷன் என்றால் திட்டியிருப்பானே?

அவளை நிற்கவிடக் கூடாது என்று பாத்திரம் கழுவினார். மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"உண்மையைச் சொல்லுங்க. என்ன தப்பு பண்ணீங்க?"

"கழுவினா தப்பு பண்ணினதா அர்த்தமா?"

"இத்தனை வருஷம் கழுவாததுக்கு என்ன அர்த்தமோ அதான்."

மூன்றாம் நாள் கோப்பு கனத்துவிட்டது. பால் வாங்கப் போய்ச் சிவந்த கண். திடீர் அன்பு. தொப்பிக்காரரின் மனைவியோடு குசுகுசுவென்று பேச்சு. இவர் வந்தால் சட்டென்று நின்றுவிடும். அந்தத் தொப்பிக்காரரின் மனைவி இவரைப் பார்க்கிற பார்வையில் அப்படி ஓர் இரக்கம். தனியாளாகப் போகிறவனைப் பார்க்கிற இரக்கம்.

மனைவி கடற்கரைக்குப் போன நேரத்தில் அவளுடைய கைப்பையைத் திறந்தார். அடியில், கைக்குட்டைக்குள் சுற்றி, ஒரு மாத்திரை அட்டை. பாதி காலி. பெயர் அந்த ஊர் எழுத்தில் இருந்தது, படிக்க முடியவில்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

தான் சொன்ன பொய் பொய்யே இல்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டாள். அதனால்தான் கடல், கடல் என்று பிடிவாதம். வாழ்நாளில் நாலாயிரம் மனுக்களைத் தள்ளுபடி செய்தவர் இதையும் தள்ளுபடி செய்ய ஓட்டை தேடினார். ஓட்டையே இல்லை. வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. பால்காரனுக்கு யார் போன் செய்வது, அவருடைய ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்தால் எங்கே வாங்குவது, எதுவும் தெரியவில்லை. ஜன்னல் முழுக்கக் கடல் இருந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

மாலை நாலரைக்குக் கழிப்பறையின் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த வண்டிகளில் கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி. நிறைந்தால் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உருவி, முகாமின் கோடியில் இருக்கிற குழியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மூன்று ஊர்களிலும் 'உங்க முறை', 'இல்ல, உன் முறை' என்று சண்டை நடந்த வேலை அது.

இன்று இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

"விடு, நான் எடுத்துட்டுப் போறேன்."

"நீங்க தொடாதீங்க, நான் போறேன்."

"கனமா இருக்கு, விடும்மா!"

"கனமா இருக்குன்னுதாங்க சொல்றேன், விடுங்க!"

வரிசை முழுக்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது. முப்பத்தோரு வருஷத் தம்பதி மலப்பெட்டிக்காக இழுபறி நடத்துவதை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. இவர் ஒரு கைப்பிடி, அவள் ஒரு கைப்பிடி. மூடி தெறித்தது.

கொட்டியது எங்கே கொட்டக் கூடாதோ அங்கே, தொப்பிக்காரரின் காலடியில். தொப்பிக்காரர் போர்வையை உதறி, ஒரு மடக்கு மேஜையை ஒரே தாவலில் தாண்டி அந்தப் பக்கம் நின்றார். அதைக் கவனிக்க அப்போது யாருக்கும் மனசில்லை. கவனிக்கவே பிறந்த சல்லடைக்கும் இல்லை.

"ஏன் இப்படிப் பண்றே?" என்றார் அவர். "எனக்கு எல்லாம் தெரியும். பையில மாத்திரையைப் பார்த்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எந்த மாத்திரை? அதுவா? நீங்க வளைவுல வண்டியை ஓட்டற அழகுக்கு வாந்தி வராம இருக்கப் போடறது! மூஞ்சிக்கு நேரா சொன்னா கோவிச்சுப்பீங்கன்னு ஒளிச்சு வச்சேன்."

சல்லடை பெட்டியின் கைப்பிடியை விட்டார். 

"அப்போ உனக்கு ஒண்ணும் இல்லயா?"

"எனக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உங்களுக்குத்தான் என்னமோன்னு மூணு நாளா பயந்துக்கிட்டிருக்கேன். பாத்திரம் கழுவறீங்க, தண்ணி தூக்கறீங்க. சாகப்போற ஆளுங்கதான் இப்படித் திருந்துவாங்க. நான் விளையாட்டா சொன்னது நிஜமாயிடுச்சோன்னு…"

"நீ என்ன சொன்னே?"

மனைவி கடலைப் பார்த்தாள்.

"பால் வாங்கப் போனேன்ல… உங்க இதயத்துல ஓட்டைன்னு அந்த அம்மாகிட்ட சொன்னேன். ஆறு மாசம் கெடு. உங்களுக்குத் தெரியாது, காட்டிக்காதீங்கன்னு கொஞ்சம் அழவும் செஞ்சேன்."

பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பறையில் இருபது வருஷம், வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிற டாக்டரை 'இதோ கிளம்பிட்டார்' என்று நோயாளிகளிடம் சொன்னவள். அவளால் முடியும்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணு மாசம்," என்றார் அவர். "உனக்கு."

"எனக்கு மூணுதானா? நான் உங்களுக்கு ஆறு குடுத்தேன்!"

கொட்டியதைக் கழுவ முக்கால் மணி ஆயிற்று. பெட்டியை இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போய்க் கொட்டினார்கள். திரும்பி வரும்போது மனைவி நின்றாள்.

"எனக்கு இந்த வரிசையில உட்கார மனசு வரலங்க. சுத்தி எல்லாரும் நிஜமாவே முடியாதவங்க. தொப்பிக்காரர் சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவருக்கு இதுதான் கடைசிக் கோடைன்னு அழுதாங்க. நானும் சேர்ந்து அழுதேன். அவங்க நிஜத்துக்கு அழுதாங்க, நான் ஜன்னலுக்கு."

 பிடிபட்ட மனுதாரர்களின் முகம் எப்படி இருக்கும் என்று சல்லடைக்கு நன்றாகத் தெரியும். உள்ளேயிருந்து எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

ஆறு மணி. பொறுப்பாளர் அம்மாள் அலுவலகத்து ஜன்னலை இறக்கிக்கொண்டிருந்தார். இருவரும் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மாதிரி வாசலில் நின்றார்கள்.

"ஒரு விஷயம்," என்றார் சல்லடை. "என் மனைவிக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"இவருக்கும்," என்றாள் மனைவி.

"தெரியும். பத்து நிமிஷ இடைவெளியில ஒருத்தரை ஒருத்தர் சாகடிச்சுட்டுப் போனீங்க."

"தெரிஞ்சுமா இடம் குடுத்தீங்க?"

அம்மாள் சாவியைத் தேடினார்.

"எங்களைப் பின் வரிசைக்கே மாத்திடுங்க," என்றாள் மனைவி. "ஆறாம் நம்பரை நிஜமாவே முடியாதவங்க யாருக்காவது குடுங்க. பாவம், அந்தத் தொப்பிக்காரர் பக்கத்துல இப்படிப் பொய்யா உட்கார்ந்திருக்கறது பெரிய பாவம்மா."

பொறுப்பாளர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவரையும் நிதானமாகப் பார்த்தார்.

"நிஜமா முடியாதவங்க யாரும் கடலைக் கேட்கறதில்லம்மா, கழிப்பறைக்குப் பக்கத்துலதான் இடம் கேட்பாங்க, உங்க தொப்பிக்காரருக்கு இது ஒன்பதாவது கடைசிக் கோடை."

சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.