விற்பதற்காகப் பூட்டிய எஞ்சின்

காஜா பெராங், மலாக்கா
14-10-1957, திங்கட்கிழமை

மகாராஜராஜஸ்ரீ சிதம்பரநாதன் அவர்கள் சமூகத்துக்கு, தங்களைச் சம்பந்தி என்று அழைக்கும் உரிமையை வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்தன்று பெறப்போகும் மாணிக்கவாசகம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். சிரம்பானில் தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், என் மருமகளாக வரப்போகும் மல்லிகாவும் நலமாக இருக்கப் பிள்ளையார் துணை. கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறேன். நடுவில் இருப்பது கிரீஸ், பெரிதுபடுத்த வேண்டாம்.

"ஓட்டைக் காரைக் கட்டி அழும் பையனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன், வெள்ளிக்கிழமைக்குள் அவன் அதைத் தலைமுழுக வேண்டும்" என்று தாங்கள் எழுதியது நியாயம், நூற்றுக்கு நூறு நியாயம். நாடு சுதந்திரமடைந்த மெர்டேகாவுக்கு முந்தின வாரம் சீமைக்குக் கப்பலேறிய தோட்டத்துரையிடம் என் மகன் சேதுபதி வாங்கிய அந்த இரண்டு சீட்டுச் சிவப்பு எம்.ஜி. காரை நானும் அடியோடு வெறுக்கிறேன். துரை தண்ணீர் ஊற்றாமலே ஓட்டி எஞ்சினைப் பிளந்துவிட்டார். "வித்துடுறேம்பா, எனக்கு மல்லிகாதான் வேணும்" என்று பையனே சொல்லிவிட்டான். தங்கமான பிள்ளை. ஆனால் எஞ்சின் இல்லாத காரை எவன் வாங்குவான்? ஆகவே விற்பதற்காக, விற்பதற்காக மட்டுமே, மரத்தில் மோதி நசுங்கிய ஓர் ஆஸ்டின் வேனின் எஞ்சினைக் கொண்டுவந்து பூட்டுகிறார்கள். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

ஐயோ, அது என்ன சத்தம்? சற்றுப் பொறுங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன், இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஒன்றுமில்லை, ரம்புத்தான் மரக்கிளை முறிந்தது. அதில்தான் சங்கிலி போட்டு எஞ்சினைத் தொங்கவிட்டிருந்தார்கள். பஸ் ஃபிட்டர் அப்பாசாமி இருக்கிறாரே, வெற்றிலையை மென்றுகொண்டே "அளவு கச்சிதமா இருக்குங்கய்யா" என்ற மனுஷன். இறக்கிப் பார்த்தால் எஞ்சின் நீளம், இடம் குட்டை, உடனே தகரத்தை வெட்டு, ரேடியேட்டரை முன்னால் தள்ளு, கியர்க் கம்பு பார்த்தா பக்கத்துச் சீட்டுக்காரன் முழங்காலுக்கு வந்து நிக்குது, சரி தொலையட்டும்னு பானட்டை மூடினா மூட மாட்டேங்குது, ஓட்டை போட்டு மேலே ஒரு பிஸ்கட் டின்னைக் கவுத்தாச்சு. பக்கத்து வீட்டில் தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டி நடராஜன் வேலியோரம் நின்று, "போலே ஜாலான் கா?" என்று மலாயில் கேட்கிறார். ஓடுமா என்கிறார்! எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு பாடுபட்டவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

மறுபடியும் எழுந்து போக வேண்டியதாயிற்று. அப்பாசாமி போல்ட் முடுக்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நானே காருக்கடியில் படுத்து முடுக்கிவிட்டு வந்தேன். என் மனைவி அலமேலு, "பையனத் திட்டிட்டு நீங்க ஏன் அடியில கெடக்கிறீங்க? வேட்டி இருக்கிற லட்சணத்தப் பாருங்க!" என்று கத்துகிறாள். மேற்பார்வை என்றால் என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும்? காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் கால் தானாகக் கொல்லைக்குப் போகிறது. எல்லாம் தங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே என்ற கவலைதான்.

நாளை மறுநாள் வாங்குபவர் வருகிறார். அத்தோடு விட்டது சனி. தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம். மல்லிகாவுக்கு எங்கள் மனம் நிறைந்த ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கை கழுவ நேரமில்லாத
மாணிக்கவாசகம்

பின்குறிப்பு, புதன்கிழமை: எஞ்சின் பிடித்துக்கொண்டது! பக்கத்து ஊர் செங் வரைக்கும் நானே ஓட்டிப் போய் வந்தேன். முப்பது வருஷம் கணக்கெழுதிக் கிராணி நாற்காலியில் குந்தித் தேய்ந்தவன், காற்று முகத்தில் அடிக்க, தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன் ஐயா. அப்படியொரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை, அலமேலுவிடம் சொல்லிவிடாதீர்கள். வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். "அப்பா, என் கல்யாணம்பா!" என்று சேதுபதி அழாத குறை. பயப்படாதேடா என்று கையோடு காரை என் பேருக்கு மாற்றிவிட்டேன். இனி பையனுக்கும் காருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வெள்ளிக்கிழமை அவனும் அவன் அம்மாவும் தட்டுகளோடு பஸ்ஸில் வருவார்கள். நான் காரில் வருகிறேன். மாப்பிள்ளையிடம் கார் இருக்கக் கூடாது என்றுதானே எழுதினீர்கள். சம்பந்தியிடம் இருக்கக் கூடாது என்று எழுதவில்லையே?