தட்டில் முதலில் வாய் வைத்த விருந்தாளி

ஆமை, பாம்பு, தவளை என்று ஆராய்ச்சி செய்கிற ஒருத்தியை வீட்டில் வைத்திருப்பது, காப்புறுதி இல்லாமல் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவது மாதிரி. ஒன்றும் ஆகாதவரை ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டில் ஆனது, அக்கா கவிதாவின் நிச்சயதார்த்தத்தன்று.

அப்போது நான் முதுகலை மாணவி. அதாவது, சம்பளமும் கிடையாது, சந்தேகமும் கிடையாது. நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைத் தோட்டச் சாலையில் காட்டு ஆமை ஒன்று ஒய்யாரமாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அரிசி மூட்டைக் கனம். அழிந்துகொண்டிருக்கும் இனம், லாரி ஏறினால் அவ்வளவுதான். எங்கள் ஆய்வு நிலையம் கோத்தா திங்கிக்கு அந்தப் பக்கம். அங்கே வழக்கம்போல வெள்ளம், சாலையை மூடிவிட்டார்கள். மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். தண்ணீர் வடிகிறவரை பத்திரமாக வைத்திரு என்றார். எங்கே என்று சொல்லவில்லை. செனாயில் எங்கள் வீட்டுக் குளியலறை என்று நானே முடிவு செய்தேன். (மூளை அப்படி.)

ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்பது நம் ஆட்களின் அசைக்க முடியாத கண்டுபிடிப்பு. எந்த ஆய்விதழிலும் வரவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்பதால்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பின்பக்கக் குளியலறைக் கதவில் ‘ரிப்பேர்’ என்று எழுதி ஒட்டி, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குத் தண்ணீர் வாளியை முட்டுக் கொடுத்தேன். ஆமை சாது, வாளியை எல்லாம் தள்ளாது என்பது என் விஞ்ஞானக் கணிப்பு.

அக்காவுடையது காதல். அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் பாதி உயிர் போயிருந்தது அவளுக்கு. மாப்பிள்ளை சரவணனின் பெரியப்பாவுக்கோ இந்தச் சம்பந்தத்தில் அரை மனசு. ஒரு சாக்குக் கிடைத்தால் எழுந்து போய்விடுவார். அந்தச் சாக்கைக் கங்கோங் கீரை போட்டு வளர்த்துக்கொண்டிருந்தேன் நான்.

பாயில் தட்டுகளைப் பரப்பித் தட்டு மாற்றப் போகிற நேரம், பின்பக்கம் வாளி உருண்டது. அப்புறம் அது வந்தது, அவசரமே இல்லாமல். சொந்தக்காரர்கள் வரிசையாகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். நேராக மாப்பிள்ளை வீட்டுத் தட்டுக்குப் போய், வெற்றிலையை மென்றது. பிறகு வாழைப்பழம், தோலோடு.

பெரியப்பா எழுந்தார். “நல்ல காரியம் நடக்குற வீட்டுல ஆமை. இனி பேச என்ன இருக்கு? கிளம்புங்க.”

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

சாதாரண மனுஷியாக இருந்தால் பெரியவர் காலில் விழுந்திருப்பாள். நான் விரிவுரை ஆற்றினேன். இது எவ்வளவு அரிய உயிர் தெரியுமா, உங்களை மாதிரி ஆட்களை எந்தக் கடையிலும் பார்க்கலாம், இதைப் பார்க்க முடியாது என்று பெரியப்பாவிடமே சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதோடு விட்டேனா? ஆமை தானாக வரவில்லை, நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன், ஆகவே அந்தச் சாஸ்திரம் இதற்குப் பொருந்தாது என்று வாதாடினேன். பெரியப்பா யோசித்துப் பார்த்து, அப்படியென்றால் குற்றம் ஆமைமேல் இல்லை, இப்படியொரு பெண் இருக்கிற குடும்பத்தின்மேல் என்றார். தர்க்கத்தில் பிழை சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் சரவணன் மெதுவாகச் சொன்னார். “பெரியப்பா, நாம கொண்டாந்த தட்டுல பொண்ணு வீட்டுல கை வச்சாச்சு. இனி திருப்பி எடுத்துட்டுப் போனா நமக்குத்தான் அசிங்கம் லா.”

“ஆமை எப்படிடா பொண்ணு வீடாகும்?”

“தங்கச்சிதான் தூக்கிட்டு வந்துச்சாம். அதுவே சொல்லுதே.”

பெரியப்பா பாதி சாப்பிட்ட வாழைப்பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். ஒரே நிபந்தனை: ஆமையும் அதைக் கொண்டுவந்ததும் வெளியே போக வேண்டும். (‘கொண்டுவந்தது’ நான்.) அக்காவின் நிச்சயதார்த்தம் முடிகிறவரை, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக அப்பாவின் காரில் ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் அது, மிச்ச வெற்றிலையை மென்றபடி. தண்ணீர் வடிந்ததும் அதைக் காட்டில் கொண்டுபோய் விட்டோம். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். கல்யாண நாள் வந்தால் போதும், உங்கள் குடும்பத்தில் என்னை முதலில் ஏற்றுக்கொண்டது அந்த ஆமைதான் என்று அத்தான் ஆரம்பித்துவிடுவார். நிச்சயதார்த்தப் படம் ஒன்றிலும் நான் இல்லை.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா காலையிலேயே குளியலறை, ஸ்டோர் ரூம், கட்டிலடி என்று எல்லா இடத்தையும் சோதனை போட்டுவிட்டு, பிறகுதான் கேசரி கிண்டினாள். வந்தவர்களும் நல்ல மாதிரி. என் வேலையைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும், கொண்டுவந்த பழத்தட்டைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தார்.