நோகாத வயிறு

நோட்டுப் புத்தகம் தைக்கும் பட்டறையில் திங்கட்கிழமை மூன்று பேருக்கு வயிற்றால் போனது. மேற்பார்வையாளருக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. வராமலிருந்தால்தான் அதிசயம். கடிகாரம் சரியாக ஓடினாலே முறைத்துப் பார்க்கிறவர் அவர்.

"யாரோ ஊசிப்போனதைக் கொண்டாந்து பங்கு போடறாங்க," என்றார்.

மறுநாள் மத்தியானம் எல்லாருடைய டப்பாவையும் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து ருசி பார்த்த பிறகே சாப்பிட விட்டார்.

புதன்கிழமை ஆறு பேர் வரவில்லை.

"அப்ப தண்ணியிலதான் கோளாறு!"

குடத்துப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே மொண்டு கொடுத்தார்.

வியாழக்கிழமை மிஞ்சியது இரண்டே பேர்: அவரும் அட்டை ஒட்டும் பசைக்காரரும். சனிக்கிழமை ஆயிரம் நோட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். மேற்பார்வையாளர் டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"குடல் சுவத்துல சில செல்கள் இருக்குங்க," என்றார் டாக்டரம்மா. "ஒரு கிருமியைப் பழகிட்டா, அதுக்குன்னே ஆன்டிபாடி செஞ்சு குடலுக்குள்ள விட்டுக்கிட்டே இருக்கும். கிருமி உள்ளயே இருந்தாலும் சுவத்துல ஒட்ட விடாது. ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அவர்கிட்டேருந்து மத்தவங்களுக்குப் பரவும்."

"அப்ப நோகாதவன்தான் திருடன்!"

"நான் அப்படிச் சொல்லலையே..."

அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

பசைக்காரர் வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"உனக்கு மட்டும் ஏன்யா ஒண்ணும் ஆகல?"

"நான் மத்தியானம் வீட்டுக்குப் போயிடறேனே சார். சோறு, தண்ணி எல்லாம் அங்கதான்."

"அதான் கேக்கறேன். எதை மறைக்க ஓடற?"

"உங்களுக்கும்தான் ஒண்ணும் ஆகல."

"நான் மேற்பார்வையாளர்யா!"

மலப் பரிசோதனைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "நீங்க கொடுத்தா நானும் கொடுக்கறேன்," என்றார் பசைக்காரர். மேற்பார்வையாளர் வீம்புக்கு முதல் ஆளாகக் கொடுத்தார். முடிவு வரும்வரை பசைக்காரரைப் பட்டறைக்குள் விடவில்லை. பசை தடவ ஆளில்லாமல், ஏற்கெனவே தைத்து வைத்த நோட்டுகளும் அட்டையின்றிக் கிடந்தன. சனிக்கிழமை வந்தது, நோட்டு போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து போன்மேல் போன்.

"எல்லாம் இந்த ஆளால!" என்று பசைக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போனார்.

அங்கே இருந்த பெண் இரண்டு காகிதங்களையும் நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இவருக்கு ஒண்ணுமில்ல. கிருமி உங்ககிட்டதான் சார் சௌகரியமா குடியிருக்கு. ஆமா, இந்த வாரம் யார் யார் சாப்பாட்டுல கை வச்சீங்க?"